போடாக்ஸ் ஊசி போட்ட பிறகுதான் வேலையே ஆரம்பித்தது

எங்கள் மகளுக்கு இப்போது 5 வயது. 30-வது வாரத்திலேயே பிறந்தவள், ஒன்றரை வயதாகியும் தானாக உட்காரவில்லை, அப்போதுதான் பெருமூளை வாதம் என்று தெரிந்தது, இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடிக்கிற ஸ்பாஸ்டிக் டைப்லீஜியா. வாக்கர் பிடித்து நடக்கப் பழகிய பிறகும் குதிகால் தரையில் படாது, நுனிக்காலில்தான் நிற்பாள்.

போன வருடம் அவளுடைய பிசியோதெரபிஸ்ட், "கெண்டைக்கால் ரொம்ப இறுகுதும்மா, பாதத்தை நேரா பிடிக்கிற ஸ்பிளின்ட்டுக்குள்ள கால் நிக்க மாட்டேங்குது, தசையைத் தளர்த்துற போடாக்ஸ் ஊசி பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார். ஊசி போட்டால் நடந்துவிடுவாள் என்றே நான் நம்பிப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: பாதிப்பு இருப்பது மூளையில், இந்த ஊசி அதைத் தொடாது. நரம்பிலிருந்து தசைக்குப் போகிற 'இறுக்கு' என்ற கட்டளையைக் கொஞ்ச காலம் தடுக்கும், 3 மாதமோ 6 மாதமோ, அதற்குள் தசையை நீட்டிப் பழக்கிக்கொள்ள வேண்டும். தசை நிரந்தரமாகச் சுருங்கிவிட்டால் ஊசி உதவாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஊசி நாள் சீக்கிரம் முடிந்துவிட்டது. லேசாக மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் தசையைப் பார்த்துப் போட்டார்கள், சாயங்காலமே வீடு. கஷ்டம் அப்புறம் வந்தது. இரண்டு கால்களுக்கும் மாவுக்கட்டு, வாரம் ஒருமுறை பிரித்து, பாதத்தை இன்னும் கொஞ்சம் மேலே மடக்கி மறுபடி கட்டுவார்கள், இப்படி மூன்று வாரம். ராத்திரி அரிப்பு தாங்காமல் அழுவாள், நானும் சேர்ந்து அழுதிருக்கிறேன். கட்டு பிரித்ததும் புது ஸ்பிளின்ட், தினமும் சுவரைப் பிடித்து நிற்பது, உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்தபோது ஈரத் தரையில் குதிகால் தடம் விழுந்திருந்தது. அத்தை அதைத் துடைக்கவே விடவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக வளரக்கூடிய மூல செல்) போட்டால் குணமாகும் என்றார்கள். நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டோம். எங்கள் டாக்டர்தான் தடுத்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற அங்கீகரித்த சிலவற்றைத் தவிர, முறையான ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு அதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. தயவுசெய்து யாரும் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். அதற்குப் பதில், நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள், வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிக்கும் அதில் இடம் உண்டு.

இன்னொன்று, இடுப்பு எக்ஸ்ரே. தசை இறுக்கத்தால் தொடை எலும்பு இடுப்பு மூட்டிலிருந்து மெல்ல நழுவலாம், ஆரம்பத்தில் வலியே தெரியாதாம். யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டு எடுங்கள். எங்களுக்கு அடுத்தது ஜூன் மாதம், ஊசியை மறுபடி போடலாமா என்பதையும் அன்றைக்கே பேசப்போகிறோம்.