ஜூரிக்குச் சொன்ன வார்த்தை: நீதிபதி பார்க்கரின் 21 ஆண்டுகள்

ஐசக் பார்க்கர் என்றதும் பலருக்குத் தூக்குக்கயிறுதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலம் ஃபோர்ட் ஸ்மித்தில் 1875 முதல் 1896 வரை கூட்டாட்சி நீதிபதியாக இருந்து 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார். 79 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஆனால் அவருடைய வேலையின் பலமும் பழுதும் தெரிவது, ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழு) தனியறைக்குப் போகுமுன் அவர் ஆற்றிய உரையில்தான்.

பொறுப்பேற்றபோது வயது 36. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்த இந்தியன் டெரிட்டரி (இன்றைய ஓக்லஹோமா) முழுவதும் அவர் கையில். பழங்குடியினர் தங்களுக்குள் செய்துகொண்ட குற்றங்கள் அவரவர் நீதிமன்றத்துக்குப் போகும்; ஒரு தரப்பு வெளியாளாக இருந்தால் மட்டுமே ஃபோர்ட் ஸ்மித்துக்கு வரும். அதனால் கொலையை நிரூபிப்பதற்கு முன், செத்தவரும் கொன்றவரும் பழங்குடியா, வெளியாளா என்று நிரூபிக்க வேண்டும். செரோக்கி என்ற பழங்குடிப் பெண்ணை மணந்தவர், முன்னாள் அடிமை என்று வரும்போது இதுவே பெரிய வழக்காகிவிடும். ஆளைப் பிடித்துவரும் துணை மார்ஷலுக்குச் சம்பளம் கிடையாது. போகும்போது மைலுக்கு 6 சென்ட், கைதியோடு திரும்பும்போது 10 சென்ட். கைதி வழியில் செத்தால் அந்தக் கட்டணமும் போச்சு.

1889 வரை மரண தண்டனைக்கு மேல்முறையீடே இல்லை. குடியரசுத் தலைவர் குறைத்தால்தான் உண்டு. பதினான்கு வருடம் யாரும் திருத்தாத பேச்சு என்ன ஆகும்? நீளும், சூடேறும். சாட்சியத்தை எடைபோடுவது ஜூரியின் வேலை; அந்தத் தராசில் நீதிபதியும் கைவைக்கத் தொடங்கிவிடுவார்.

மேல்முறையீட்டுக்கு வழி திறந்ததும் இது வெளிப்பட்டது. பியர்ட் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டுக்கான தகராறு. மிரட்டியபடி, கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நெருங்கி வந்தவனைப் பியர்ட் துப்பாக்கியால் மண்டையில் அடித்தார், அவன் இறந்தான். நடந்தது பியர்டின் சொந்த இடத்தில், வீட்டிலிருந்து ஐம்பது அறுபது கெஜத்தில். வீட்டுக்குள் இருந்தால்தான் பின்வாங்கத் தேவையில்லை, வெளியே என்றால் விலகியிருக்க வேண்டும் என்று பார்க்கர் ஜூரியிடம் சொன்னார். 8 வருடச் சிறை. 1895-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: தன் நிலத்தில் நியாயமாக நிற்பவர், தான் தொடங்காத தாக்குதலுக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை.

இன்னொன்று, தப்பி ஓடுவதைப் பற்றியது. ஹிக்கரி என்ற செரோக்கி இளைஞரின் வழக்கில், 'ஒருவனும் தொடராதிருந்தும் துன்மார்க்கர் ஓடிப்போகிறார்கள்' என்ற பைபிளின் நீதிமொழி வசனத்தையே ஜூரியிடம் எடுத்துக்காட்டினார். ஓடினான், ஆகவே குற்றவாளி என்று அவர்கள் எடுத்துக்கொள்ள இது போதும். குற்றமற்றவரும் பயத்தில் ஓடுவார். சாட்சி சொல்ல மனமில்லாமலும் ஓடுவார். 1896-இல் அந்தத் தீர்ப்பும் போயிற்று. மேலே போன அவருடைய வழக்குகளில் பாதிக்கு மேல் இப்படித் திரும்பி வந்தன.

அவர் சோம்பேறி அல்ல. வாரம் ஆறு நாள், பல நாட்கள் இருட்டும் வரை உட்கார்ந்தார். 13,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் அந்த மேசையைக் கடந்தன. அந்தச் சுமையே அவரை உறுதியாக்கியது. கொல்லப்பட்டவர்களுக்குப் பேச ஆளில்லை என்று உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் அவர் உரை தடம் மாறியது.

1896 செப்டம்பர் 1-ஆம் தேதி டெரிட்டரி மீதான அதிகாரம் பறிபோனது. நவம்பர் 17-இல் இறந்தார். மூன்று வாரம் கழித்து, அவருடைய நீதிமன்றத்திலிருந்து மூன்றாம் முறையாகப் போன ஆலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஒருமித்து முடிவுக்கு வராத ஜூரியிடம் அதில் சொல்லப்பட்ட அறிவுரை இன்றும் அமெரிக்க நீதிமன்றங்களில் ஆலன் பெயராலேயே வழங்குகிறது.