தூரத்து ஊர்ப் பாட்டு: முதலில் காது, அப்புறம் புத்தகம்

கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சனி, ஞாயிறு வீட்டுக்குள்தான். அந்த நேரத்துக்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். லேசில் போய்ச் சேர முடியாத ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கத்து இசையைக் கேட்பது, அந்த இடத்தைப் பற்றிப் படிப்பது. முதலில் படித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வரிசையைத் திருப்பிவிட்டேன். எதுவும் தெரியாமல் ஹெட்போனில் கேட்டு, காதில் பட்டதை நோட்டில் எழுதி, அதற்கப்புறம்தான் படிப்பு.

இதற்குக் காரணம் செயின்ட் கில்டா. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் கிடக்கும் தீவுகள். மிஞ்சியிருந்த 36 பேரும் தாங்களே கேட்டுக்கொண்டு 1930 ஆகஸ்ட் 29 அன்று ஊரைக் காலி செய்தார்கள். அந்தத் தீவுக்காரர் ஒருவரிடம் சிறுவயதில் பியானோ கற்றவர், வயதான காலத்தில் எடின்பரோ முதியோர் இல்லத்தில் அந்த மெட்டுகளை நினைவிலிருந்து வாசித்திருக்கிறார். சாதாரண மைக்கில் எடுத்த அந்தப் பதிவு 2016இல் வெளியானது. இதைப் படித்துவிட்டுக் கேட்டால் நெஞ்சை அடைக்கிறது. ஆனால் அது மெட்டின் வேலையா, கதையின் வேலையா என்று பிரிக்க முடியவில்லை.

அடுத்து தூவா. சைபீரியாவின் தெற்கில், மங்கோலிய எல்லையை ஒட்டிய ரஷ்யப் புல்வெளிப் பிரதேசம். நோட்டில் நான் எழுதியது இது: 'கீழே ஒருவர் சுருதி பிடிக்கிறார். மேலே ஒருவர் விசிலடிக்கிறார். மோகன ராகம் மாதிரி, ஆனால் அதில் வர வேண்டிய தைவதம் என்ற சுரம் வரவே இல்லை.'

படித்தபோதுதான் தெரிந்தது, பாடுவது ஒரே ஆள். எந்தக் குரலிலும் அடிச்சுரத்தின் இரு மடங்கு, மும்மடங்கு என்று மேலொலிகள் சேர்ந்தே ஒலிக்கும். தூவாக்காரர்கள் நாக்கையும் உதட்டையும் நுணுக்கமாக மாற்றி, அவற்றில் ஒன்றை மட்டும் தூக்கிவிடுகிறார்கள். விசில் போலக் கேட்கும் அந்தப் பாணிக்கு சிகித் என்று பெயர். போனில் ஒலியைப் படமாகக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சம இடைவெளியில் அடுக்கடுக்காகக் கோடுகள். மேலே ஒரு கோடு மட்டும் பளிச்சென்று எரிகிறது. மெட்டு நகரும்போது அந்தப் பளிச்சு ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. நடுவில் நிற்க இடமே இல்லை.

மோகனமும் அங்கேயே பிடிபட்டது. அவர்கள் பெரும்பாலும் எடுப்பது 6, 8, 9, 10, 12ஆம் மேலொலிகள். ஏழையும் பதினொன்றையும் தாண்டிவிடுகிறார்கள். எட்டை ஸட்ஜமாக வைத்தால் 9 ரிஷபம், 10 காந்தாரம், 12 பஞ்சமம். 6 கீழ்ப் பஞ்சமம். தைவதம் இந்த வரிசையிலேயே இல்லை! படித்துவிட்டுக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே எனக்குள் எழுந்திருக்காது. அதனால்தான் காதுக்கு முதலிடம் என்று அடித்துச் சொல்கிறேன்.

சரி, இதே முறையைப் பக்கத்து ஊருக்கும் வைத்துப் பார்த்தேன். இங்கே நீலகிரியில் வாழும் பழங்குடியினரான கோத்தர்களின் கொள் இசை எனக்குப் புதிதல்ல. கொள் என்பது அவர்கள் ஊதும் குழல். சின்ன வயதிலிருந்து தூரத்தில் கேட்டதுதான். உட்கார்ந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். ஹெட்போனில் கேட்டு எழுதினேன்: 'குழல் மூச்சே விடவில்லை. தாளத்தை விட்டு விலகிப் போகிறது, சில இடங்களில் மட்டும் வந்து சேர்கிறது.' பிறகு கோத்தர் இசையை ஆராய்ந்த ரிச்சர்ட் உல்ஃப் எழுதியதைத் தேடிப் படித்தேன். மெட்டு தாளத்தோடு சில புள்ளிகளில் நங்கூரமிடுவதைப் பற்றித்தான் அவரும் விரிவாகப் பேசுகிறார். மூச்சு விஷயம் இதுதான்: கன்னத்துக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் இழுப்பது. தம்பட்டையைக் கையால் தட்டிக்கொண்டு, குழல் எங்கே வந்து சேர்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பாதி மெட்டு கூட முடியவில்லை.

கோத்தர்களின் அய்யனோர் அம்மனோர் திருவிழா டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். புதுக்கோத்தகிரி நண்பர் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். 'ரெக்கார்டு பண்றதுக்கு முன்னாடி பெரியவங்ககிட்ட கேட்டுக்கலாம், அண்ணா' என்றார். அதுவரை ஜார்ஜியாவின் ஸ்வானெத்தி மலைப் பாட்டுகள். மூன்று குரல் என்பது மட்டும் தெரியும். மற்றதைப் படிக்காமல் வைத்திருக்கிறேன்.