கூடையோடு சொல்ல வேண்டியது

செப்டம்பர் 26, 2024, வியாழன்

அறுப்பின் பண்டிகை அக்டோபர் 6ஆம் தேதி என்று சபையில் அறிவித்துவிட்டார்கள். வயல் வைத்திருப்பவர்கள் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லை அறுத்துவிட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறு பக்கம் எங்களுக்கு இருப்பது வாழையும் கொஞ்சம் ரப்பரும்தான்.

மாமி இன்றும் வழக்கம்போல் உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்துத் தகர டப்பாவில் போட்டார்கள். பிடியரிசிக் காணிக்கை. விரல் இடுக்கில் ஒட்டிய நான்கைந்து மணிகளையும் டப்பாவுக்குள்ளேயே தட்டிவிட்டார்கள். சோறு வடித்துச் சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பது வேறு; வீட்டுக்குப் போதுமா என்று தெரியுமுன்னே எடுத்து வைப்பது வேறு. எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ சபைகளின் ஊழியச் செலவைப் பெண்களின் இந்தப் பிடியரிசி தாங்கியிருக்கிறது. மிசோரம் சபைகளிலும் இதே வழக்கம் நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. கையில் காசு புழங்காத பெண்களுக்கும் கர்த்தருக்குக் கொடுக்க வழி இருந்தது என்பதை நினைத்தாலே மனம் நிறைகிறது.

செப்டம்பர் 28, சனி

கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசினாள். "வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்கு நம் வாழைக்குலை எதற்கு அம்மா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஐம்பதாம் சங்கீதத்தில் கர்த்தரே அதைச் சொல்கிறார்: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே." அதைச் சொன்ன கையோடு, ஸ்தோத்திரபலியிடு என்றும் சொல்கிறார். அவருக்குக் குறைவு இருப்பதால் நாம் கொடுக்கவில்லை. தாவீது ஆலயத்துக்காகப் பொன்னும் வெள்ளியும் குவித்துவைத்துவிட்டு, "உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்றுதான் ஜெபித்தான். வாங்கியவர்கள் நாம். வாங்கினோம் என்று வாய் திறந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் கொடுக்கிறோம்.

இதையும் மகளிடம் சொன்னேன்: ஆயிரம் போட்டால் லட்சமாகத் திரும்பும் என்று பிரசங்கிப்பவர்களை என்னால் ஏற்க முடியாது. அது வட்டிக் கணக்கு. சிலுவையில் ஏற்கெனவே எல்லாவற்றையும் கொடுத்து முடித்தவரிடம் பேரம் பேச என்ன இருக்கிறது?

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆயர் உபாகமம் 26ஐ எடுத்துப் பேசினார். முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுபோகிறவன் ஆசாரியனிடம் சும்மா கொடுத்துவிட்டு வரக்கூடாது. எங்கள் முற்பிதா பரதேசியாய் எகிப்துக்குப் போனான், எகிப்தியர் எங்களை ஒடுக்கினார்கள், கர்த்தர் எங்கள் கூக்குரலைக் கேட்டுப் புறப்படப்பண்ணினார் என்று கதை முழுவதையும் சொல்ல வேண்டும். கூடையோடு கதையும் போக வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே எங்கள் கதை எனக்குள் ஓடியது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் சிதம்பரத்துக்கு யாத்திரை போய், தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டுத் திரும்பினார். அவருடைய அழைப்பின் தொடர்ச்சியாக 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழும்பியது. அன்றைய திருவிதாங்கூரில் எங்கள் முன்னோர் நடக்கக் கூடாத தெருக்கள் இருந்தன, எங்கள் பாட்டிமார் தோளை மறைத்துத் துணி உடுத்தவும் தடை இருந்தது. தோள்சீலைக்காக அடிபட்டு, துணி கிழிக்கப்பட்டு, கூரைகள் எரிக்கப்பட்ட பிறகுதான் 1859 ஜூலையில் அரசு அந்தத் தடையைத் தளர்த்தியது. இன்று நான் கஞ்சி போட்ட பருத்திச் சேலை உடுத்திக்கொண்டு ஆலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறேன். பண்டிகை அன்று பீடத்தில் கூடை வைக்கும்போது இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிறு பள்ளியில் இந்த வாரமே சொல்லித் தரலாம் என்று கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

நல்ல வெயில். என் வீட்டுக்காரர் மட்டி வாழைக் குலை வெட்டினார். வாழை கொஞ்சம் சாயும்படி தண்டில் வெட்டுகத்தியால் பாதி கொத்திவிட்டு, குலையைத் தோளில் தாங்கிக்கொண்டுதான் காம்பை அறுக்க வேண்டும். தரையில் விழுந்தால் காய் கன்றிப்போகும். கறை சட்டையில் பட்டால் என்ன துவைத்தாலும் போகாது. அதற்கென்றே ஒரு பழைய சட்டை.

எங்கள் மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெல்லிய தோல்; பழுத்தால் வாசனை வீட்டைத் தூக்கும். கைக்குழந்தைக்குப் பிசைந்து கொடுக்கும் பழம் அது. சந்தையில் நல்ல விலை போகும் குலையைத்தான் அவர் சணல்சாக்கு விரித்துத் தனியே வைத்தார். ஏன் அதை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

மழை. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பாதிப் பேர் இல்லை.

சாயங்காலம் மாமி நெய்யூரைப் பற்றிப் பேசினார்கள். மாமி பிறந்ததே அந்த மிஷன் ஆஸ்பத்திரியில்தான். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர், திரும்பும் வழியில் நெய்யூருக்கு வந்தார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் அறுவை செய்ய ஒரே மருத்துவர் திணறியதையும் பார்த்தார். லண்டனில் அவருக்காகக் காத்திருந்த பெரிய வாழ்வை விட்டுவிட்டு இங்கேயே பல ஆண்டுகள் உழைத்தார். மக்கெதோனியா சபையாரைப் பற்றிப் பவுல் எழுதும்போது, அவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பு தங்களைத்தாமே கர்த்தருக்குக் கொடுத்தார்கள் என்கிறார். சாமர்வெல் டாக்டர் செய்தது அதுதான். காணிக்கைப் பையில் என்ன விழுந்தது என்பது இரண்டாவது.

கூட்டத்தில் நான் ஒன்றை வற்புறுத்தினேன். உபாகமத்தின் அதே அதிகாரத்தில், நீயும் லேவியனும் உன்னிடத்திலிருக்கிற பரதேசியும் சந்தோஷப்படுவீர்களாக என்று இருக்கிறது. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பண்டிகைச் சாப்பாட்டுக்கு அவர்களை அழைக்காமல் எப்படி? "மொழி தெரியாதே" என்றார் ஒரு அக்கா. இலை போடுவதற்கு மொழி எதற்கு என்று கேட்டேன். சரி என்றார்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

பீடத்தைச் சுற்றி நெற்கதிர், மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கருப்பட்டி, கால் கட்டிய சேவல்கள். ஆராதனைக்குப் பிறகு ஏலம். எங்கள் மட்டிக் குலையை ஒருவர் எடுத்து, உடனே மறு ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே. இந்த மகிழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பெரிய தொகை கொடுத்தவர்களின் பெயரை மைக்கில் வாசித்தது பிடிக்கவில்லை. இரண்டு காசு போட்ட விதவையின் பெயரைச் சுவிசேஷமே எழுதவில்லை. ஆயரிடம் இதைச் சொல்லிவிட்டேன். கமிட்டியில் பேசுகிறேன் என்றார்.

லைன் வீட்டுக் குடும்பங்கள் வந்தன. அவர்களில் ஒரு பெண் கிறிஸ்தவள் என்பது இன்றுதான் தெரிந்தது. பாட்டின் சொற்கள் புரியாவிட்டாலும் ராகத்தோடு சேர்ந்து முணுமுணுத்தாள். ஏலத்தில் கடைசியாகக் குலையை எடுத்தவர் அதை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டார். மாமி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இலையில் இரண்டாம் முறையும் அவியல் வைத்து, "சாப்பிடு மக்களே" என்றார்கள். அவளுடைய மகளுக்கு ஏழு வயது இருக்கும். இங்கே வந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லையாம்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி நேற்றுத் திறந்தது. அவரும் நானும் அந்தப் பெண்ணையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இன்று அரசுப் பள்ளிக்குப் போனோம். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் தலைமை ஆசிரியை, இரண்டாம் வகுப்பு. தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க மாலையில் எங்கள் வீட்டுக்கு வரட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். சங்கத்தில் இன்னும் இரண்டு பேர் முறை வைத்து உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். பலகையும் குச்சியும் மாமி இப்போதே எடுத்து வைத்துவிட்டார்கள். நோட்டும் பையும் வாங்க நாளை மார்த்தாண்டம் போகிறேன்.