காசும் காஷும்

1974. மட்டக்களப்பு, புளியந்தீவில் எங்கள் பள்ளிக்கூடத்தின் மேல்மாடி வகுப்பு. வாவிக் காற்று அடித்தால் கொப்பித் தாள்கள் தாமாகவே புரளும். இங்கிலிஷ் சேர் கரும்பலகையில் 'காஷ்' (cash) என்று எழுதிவிட்டு, "இது எங்கட காசு மனே. வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போனவன்" என்றார். வகுப்பே கைதட்டியது. மறுகா அன்று பாடம் எங்கே நடந்தது!

தமிழ்நாட்டில் பணம் என்பார்கள். எங்கள் வாயில் ஐந்து சதமும் காசு, அப்பாவின் சம்பளமும் காசு. அதனால் சேர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. லண்டனில் கடையொன்றில் நின்ற காலத்தில், கூட வேலைசெய்த வெள்ளைக்காரப் பெடியனிடம் இதைப் பெருமையாக எடுத்துவிட்டேன். அவன் மறுநாள் அகராதியைப் பார்த்துவிட்டு வந்து என் மானத்தை வாங்கினான்.

காஷ் என்பது இலத்தீனின் 'காப்ஸா'விலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலிஷுக்குப் போனதாம். பொருள், பெட்டி. முதலில் காசு போடும் பெட்டிக்குப் பெயர். பிறகு பெட்டி மறந்துபோய் உள்ளே கிடந்ததற்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் விழுங்கும் கப்சூலும் அதே குடும்பம்தான், குட்டிப் பெட்டி.

ஆனால் அகராதியில் இன்னொரு காஷும் இருக்கிறது. அதை நான் கண்டுபிடிக்கப் பல வருடம் பிடித்தது. போர்த்துக்கேயர் நம்முடைய காசைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'காய்ஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுதான் சொல்! அவர்களிடமிருந்து அது இங்கிலிஷுக்குப் போய், சீனாவின் ஓட்டைச் செப்புக் காசுக்குக்கூடப் பெயரானது. ஆகவே சேருக்குப் பாதி மார்க்ஸ் கொடுக்கலாம். 1628இல் அதே போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைத் தாண்டித்தானே தினமும் பள்ளிக்கூடம் போனோம். 1638இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் சும்மா போகவில்லை, மேசை இழுப்பறைக்கு 'லாச்சி' என்ற பெயரை எங்களுக்கு விட்டுப்போனார்கள். மட்டக்களப்புக் கடை முதலாளி இன்றைக்கும் காசைப் போடுவது ஒல்லாந்தச் சொல்லுக்குள்தான்.

ஊருக்குப் போயிருந்தபோது சேரைப் பார்க்கப் போனேன். சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி பெட்டிக் கதை முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.

"சரி, பெட்டி அவன்ட எண்டே வை. உள்ள கிடந்தது ஆற்ற காசு மனே?"