தங்கலுக்குப் போன புத்தகம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். கடல் பக்கமென்றால் இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை. விளைப் பக்கமிருந்து வருகிறவர்களின் அப்பாமார் விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போயிருப்பார்கள். நான் அறிவியல் ஆசிரியை. 2012இல் நூலகப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நூலகம் என்றால் இரண்டு இரும்பு பீரோ, ஒரு நீள மேசை, கைப்பந்து வலையைச் சுருட்டி வைத்திருக்கும் ஒரு மூலை.

வாரத்துக்கு ஒரு பாடவேளை. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் தேடித் தேடி வாங்குவது அறிவியல் புனைகதை நாவல்களைத்தான். அந்த வயசில் ஒரு பிள்ளை படக்கதையை விட்டிருக்கும், பெரியவர்கள் வாசிக்கும் நாவலுக்கும் போயிருக்காது. அந்த ஒரு வருஷம் கையில் ஒன்றும் கிடைக்காமல் போனால் வாசிப்பே நின்றுவிடுகிறது. ஏழாம் வகுப்பில் பீரோவைக் காலி செய்த பையன் பத்தாம் வகுப்பில் கைடு தவிர வேறெதையும் தொடாததைப் பார்த்திருக்கிறேன்.

முதல் சில வருஷம் நான் நாவல்களை விடைத்தாள் திருத்துவது மாதிரிதான் வாசித்தேன். அறிவியல் சரியாக இருக்கிறதா, பாடத்துக்கு உதவுமா? தப்பு கண்ணில் பட்டால் புத்தகம் பீரோவுக்குள் போகாது. சரக்கல்விளைக்காரரான கே. சிவன் 2018இல் இஸ்ரோ தலைவரானதும் பெற்றோர்களின் கேள்வியும் அதே வழியில் வந்தது: "இதைப் படிச்சா பிள்ளை ராக்கெட் விடுமா டீச்சர்?" 2025இல் மேலக்காட்டுவிளைக்காரரான வி. நாராயணன் அதே பொறுப்புக்கு வந்ததும் கேள்வி இன்னும் வலுத்தது. ஆசைப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நம்மூர்ப் பள்ளியில் தமிழில் படித்தவர்கள் அவ்வளவு தூரம் போனதைப் பார்த்த பிறகு ஆசைப்படாமல் எப்படி? ஆனால் நாவலிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுவா என்ற சந்தேகத்தை எனக்குள் விதைத்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன்.

ஜூல்ஸ் வெர்ன் 1865இல் எழுதிய நிலாப் பயண நாவலை நான் வேண்டாமென்று ஒதுக்கியிருந்தேன். அதில் மனிதர்களை ராக்கெட்டில் அனுப்புவதில்லை, பீரங்கியில் வைத்துச் சுடுகிறார்கள். அவனுக்கு அந்தப் புத்தகம் அத்தை வீட்டில் கிடைத்திருந்தது. "டீச்சர், பீரங்கி 900 அடி நீளமாம். குண்டு செகண்டுக்கு 11 கிலோமீட்டர் போகுமாம். ஆளு உயிரோட இருக்குமா?" என்று கேட்டான். அந்த மாதம்தான் இயக்கச் சமன்பாடுகள் நடத்தியிருந்தேன். கரும்பலகைக்கு வரச் சொன்னேன். 900 அடி என்றால் 274 மீட்டர். வேகத்தின் வர்க்கம், கீழே இரண்டு மடங்கு தூரம். சுண்ணக்கட்டி ஒடிய ஒடியப் போட்டான். கணக்கைச் சரிபார்த்தபோது முடுக்கம் புவியீர்ப்பைப்போல 20,000 மடங்குக்கு மேலே போய் நின்றது. கொஞ்ச நேரம் வகுப்பில் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "அப்போ தீ வச்ச உடனே சப்பிப்போயிருப்பாங்களே டீச்சர்."

அடுத்த கேள்வியை அவனே கேட்டான். "ராக்கெட்டு ஏன் மெதுவா கிளம்புதுன்னு இப்பதான் தெரியுது. கொஞ்சங்கொஞ்சமா வேகம் ஏத்தினாத்தானே உள்ள இருக்கவனுக்குத் தாங்கும்?" ஆரல்வாய்மொழி தாண்டி, மலைக்கு அந்தப்பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களை நூற்றுக்கணக்கான விநாடிகள் தொடர்ந்து எரியவிட்டுச் சோதிப்பதைப் பற்றி அன்றைக்குப் பேசினேன். அதற்கு முன்பும் பாடத்தில் அதைச் சொன்னதுண்டு, யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்கு மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நான் ஒதுக்கிய புத்தகத்தின் தப்புதான் அதைச் செய்தது.

அதே நாவலில் பீரங்கியை நிறுவும் இடம் ஃபுளோரிடா. 1969இல் அப்போலோ 11 கிளம்பியதும் ஃபுளோரிடாவிலிருந்துதான். அடுத்த பாகத்தில் பயணிகள் பசிபிக் கடலில் வந்து விழுகிறார்கள், அப்போலோக்காரர்களும் அங்கேதான் வந்து இறங்கினார்கள். கணக்குப் போட்டு எழுதிய ஆள். அந்தக் கணக்கில் ஒரு இடம் தவறியது. கணக்கே போடாமல் எழுதியவனின் புத்தகத்தில் பிள்ளை பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அத்தியாயத்துக்கு ஒரு புதுக் கதிர், கதாநாயகன் மாட்டிக்கொண்டால் ஒரு புதுப் பொத்தான். அந்த வகையைத்தான் இப்போது ஒதுக்குகிறேன். ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒரு பொய்க்குக் கதை முழுக்கக் கட்டுப்பட வேண்டும். ஹெச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய நாவலில் ஒருவன் கண்ணுக்குத் தெரியாதவனாகிறான். அதற்கு அப்புறம் எல்லாமே அவனுக்குத் தொல்லை. துணி உடுத்தினால் துணி தெரியும், சாப்பிட்டால் செரிக்கும்வரை சாப்பாடு தெரியும், குளிரில் வெறும் உடம்போடு நடக்க வேண்டும், சேற்றில் கால்தடம் விழும். ஒளி விழித்திரையில் தங்காமல் ஊடுருவிப் போனால் அவனுக்கே கண் தெரியாதே என்று ஒரு பிள்ளையாவது வருஷா வருஷம் கண்டுபிடித்துவிடும். நான் வாயைத் திறக்காமல் அதற்காகக் காத்திருப்பேன்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு வெர்ன் 1870இல் எழுதிய நீர்மூழ்கிக் கப்பல் நாவலைக் கொடுத்தது வேறொரு பாடம். தலைப்பில் இருக்கும் இருபதாயிரத்தைப் பார்த்ததும் எட்டாம் வகுப்பு வள்ளவிளைப் பையனுக்குக் கோபமே வந்துவிட்டது. "அவ்வளவு ஆழம் கடலுக்கு இருக்கா?" அது ஆழக் கணக்கில்லை, கடலுக்குள் சுற்றிய தூரம், லீக் கணக்கு, ஒரு லீக் 4 கிலோமீட்டர், மொத்தம் 80,000 கிலோமீட்டர், பூமியை இரண்டு முறை சுற்றி வருவதற்குச் சமம் என்று சொன்னேன். "அப்போ ஆழம் எவ்வளவு? பாகத்துல சொல்லுங்க டீச்சர்." எங்கள் கடற்கரையில் ஆழத்தை இன்னும் பாகத்தில்தான் சொல்கிறார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பசிபிக்கில் மரியானா அகழி ஏறத்தாழ 11 கிலோமீட்டர் என்று எனக்குத் தெரியும். அதைப் பாகத்தில் யோசித்ததே இல்லை. அவனே வகுத்துப் பார்த்தான். ஏறத்தாழ 6,000 பாகம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்த எண் அவனுக்குப் புரிந்த மாதிரி எனக்குப் புரிந்ததில்லை.

அந்த நாவலின் சுருக்கப் பதிப்புகளை நான் வாங்குவதில்லை. பக்கம் குறைந்தால் பிள்ளைகளுக்குச் சுலபம் என்று கடைக்காரர் சொல்வார். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது கப்பலுக்குள் காற்று எங்கிருந்து வருகிறது, விளக்கு எதில் எரிகிறது, என்ன சாப்பிடுகிறார்கள் என்ற பகுதிகளை. மிஞ்சுவது துரத்தலும் சண்டையும். அதற்குச் சினிமாவே போதும்.

ஒரு தவறை இங்கே எழுதியாக வேண்டும். 2018 ஜூனில், கடல் பொங்கி ஒரு நகரத்தை விழுங்கும் நாவல் ஒன்றை எட்டாம் வகுப்பில் ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். பின்னட்டையும் முதல் மூன்று அத்தியாயமும்தான் நான் வாசித்திருந்தேன். அதற்கு முந்தின நவம்பர் 30இல்தான் ஒக்கி புயல் அடித்தது. எங்கள் பள்ளியில் எத்தனை வீட்டில் படம் மாட்டி மெழுகுதிரி எரிந்தது என்று எனக்குத் தெரியும். அவளுடைய மாமா திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் புத்தகத்தை நீட்டும்போது அது நினைவில் வரவில்லை. மறுநாளே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "வேற தாருங்க டீச்சர்" என்றாள், அவ்வளவுதான். மிச்சத்தை அன்று ராத்திரி உட்கார்ந்து வாசித்தேன். ஏழாவது அத்தியாயத்தில் பிணங்கள் கரை ஒதுங்குகின்றன, அதைப் பூகம்பச் செய்தி மாதிரி இரண்டு வரியில் கடந்துபோகிறார் ஆசிரியர். அதே புத்தகத்தை வாசித்த பூத்துறைப் பையன் ஒருவன் சொன்னான்: "இவருக்குக் கடலு தெரியாது டீச்சர். யாரும் யாரையும் தேடவே இல்ல."

யாரும் யாரையும் தேடவில்லை. ஒரு நாவலை எடைபோட அதைவிட நல்ல கல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. கடைசிப் பக்கம்வரை வாசிக்காமல் ஒரு புத்தகத்தையும் அதற்குப் பிறகு பீரோவில் வைத்ததில்லை. பேரழிவுக் கதைகளே கூடாது என்ற முடிவுக்கும் நான் போகவில்லை. இந்தப் பிள்ளைகள் பேரழிவைப் பார்த்தவர்கள், அதைப் பற்றிப் பேச அவர்களுக்கு இடம் வேண்டும். அழிவு வந்தபின் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை எழுதியவர் யோசித்திருந்தால் தருவேன். அப்போதும் யார் கையில், எந்த மாதம் என்று பார்ப்பேன்.

தமிழில் கிடைப்பவற்றில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எப்போதும் வெளியேதான் இருக்கும், பீரோவுக்குத் திரும்பியதே இல்லை. 1980களில் தொடராக வந்தது, எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான் இருக்கலாம் என்று சட்டம் போட்ட ஒரு இந்தியாவைச் சொல்வது. வாசித்த வாரம் முழுக்க ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் தங்கள் பெயரை வெட்டிக்கொண்டு திரிவார்கள். எங்கள் பக்கத்துப் பெயர்கள் அப்பன், பாட்டன், புனிதர் எல்லாரையும் சேர்த்து நீளமானவை. ஒரு பெண் தன் பெயரிலிருந்து பாட்டியின் பெயரை மட்டும் வெட்ட முடியாமல் விம்மிவிட்டாள். அரசாங்கம் என்ன செய்யக்கூடும் என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியிருக்கும். பெரியவர்களுக்காக எழுதப்பட்ட தொடர்களில் பதின்மூன்று வயசுக்கு வேண்டாத பக்கங்கள் வருவதுண்டு, அதையும் முழுக்க வாசித்தால்தான் தெரியும். மொழிபெயர்ப்புகளில் எனக்கு ஒரே ஒரு சோதனைதான். முதல் பக்கத்தைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்வேன். பாத்திரங்கள் பேசும் இடத்தில் வகுப்பு சிரித்தால் அந்தத் தமிழ் உயிரில்லாதது.

விண்வெளிப் பயண நாவல்கள் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாத தூரம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். கண்ணாடித் தொப்பி, அந்நிய கிரகம், வாயில் நுழையாத பெயர்கள். செவ்வாய்க்குப் போகிற கதை ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அங்கிருந்து ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால் பூமிக்கு வந்துசேர 3 நிமிஷத்திலிருந்து 22 நிமிஷம்வரை ஆகும், இரண்டு கிரகமும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது என்று விளக்கினேன். பதில் வர இன்னொரு 22 நிமிஷம். எவ்வளவு தனிமை பாருங்கள் மக்களே என்று உருக்கமாகவே சொன்னேன்.

தூத்தூர்ப் பெண் ஒருத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது கொஞ்ச நேரந்தானே டீச்சர். எங்க அப்பா தங்கலுக்குப் போனா இருபது நாளு, இருபத்தஞ்சு நாளு. போன் எடுக்காது."

தங்கல் என்றால் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது. விளைப் பக்கத்துப் பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் பேசிக்கொண்டே போனாள். படகில் எத்தனை பேர், எவ்வளவு ஐஸ், எவ்வளவு டீசல், குடிதண்ணீரை எப்படி அளந்து குடிப்பார்கள், சமைக்கிறவர் யார், சண்டை வந்தால் யார் தீர்ப்பார். அப்பா போன பிறகு வீட்டில் முதல் மூன்று நாள் எப்படி இருக்கும், பத்தாம் நாள் எப்படி இருக்கும். அம்மா எந்தெந்த நாளில் கோயிலுக்குப் போவாள். விண்கலத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பக்கம் யோசித்து எழுதியதை அவள் வாயாலேயே சொல்லி முடித்துவிட்டாள். ஒக்கிக்குப் பிறகு வந்த கருவியைப் பற்றியும் பேச்சு வந்தது. 2019இல் அறிமுகமான ஜெமினி, ககன் செயற்கைக்கோள்கள் வழியாகப் புயல் எச்சரிக்கையை நடுக்கடலில் இருக்கும் படகுக்குக் கொண்டுசேர்க்கும். செய்தி வரும், பதில் அனுப்ப வழியில்லை. "கேக்க மட்டும் முடியும், பேச முடியாதுன்னா அதை வச்சு ஒரு கதை எழுதலாமே" என்று சொன்னது ரப்பர் வெட்டுகாரரின் மகன். எழுதவும் செய்தான், நான்கு பக்கம்.

அன்றிலிருந்து விண்வெளி நாவலை எடுத்தால் நான் முதலில் தேடுவது பூமியில் விட்டுவிட்டுப் போன வீட்டைத்தான். அங்கே யாராவது இருக்கிறார்களா, அவர்களுக்கும் ஒரு அத்தியாயம் உண்டா என்று.

போன வருஷம் அந்தப் பெண் நீர்மூழ்கிக் கப்பல் நாவலை எடுத்துப்போனாள். இரவல் 14 நாள். பத்தாம் நாள் வந்து நின்றாள். "டீச்சர், இதை அப்பா கொண்டுபோலாமான்னு கேக்குறாங்க. திரும்பி வர நாளாவும்." நூலகப் புத்தகத்தைக் கடலுக்குள் அனுப்பலாமா என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. பதிவேட்டில் திரும்பவேண்டிய தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

31 நாள் கழித்து வந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு. பக்கங்கள் உப்புக்காற்றில் உப்பிப்போய் அட்டை மூடவில்லை, டீசல் வாசம். ராட்சதக் கணவாய் கப்பலைச் சுற்றிப் பிடிக்கும் பக்கத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக் காய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. படகில் ஆறு பேர் மாறி மாறி வாசித்தார்களாம், வாசிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டினாராம். நான் பதிவேட்டைத் திறந்தேன், தேதி போட.

"வரவு வைக்காதீங்க டீச்சர்" என்றாள். "அப்பா இன்னும் முடிக்கல்ல. அடுத்த தங்கலுக்கும் வேணுமாம்."