ஏறும்போது நட, இறங்கும்போது பஸ்: குன்னூர்ப் பக்கம் எடை குறைத்த கணக்கு

எடை குறைக்க இறங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது தையல் டேப். எடை மெஷின் அப்புறம். நீலகிரியில் தொப்பை ஸ்வெட்டருக்குள் வளர்கிறது. கீழே கோவையில் என்றால் சட்டை பட்டன் இழுக்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். இங்கே வருடத்தின் பெரும்பகுதி மேலே கம்பளியும் ஜெர்கினும் கிடப்பதால், பத்து கிலோ கூடின பிறகும் "குளிருக்குக் கொஞ்சம் பூசினாப்ல இருக்கேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் தோலின் மேல், மூச்சை இயல்பாக விட்ட பிறகு டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்க வேண்டாம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இந்தியர்களுக்கான வரம்பு. அடுத்து உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ.: கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமும் 80 கிலோவும் என்றால் 29.4. நம் ஆட்களுக்கு 23-லேயே அதிக எடை தொடங்குகிறது, 25-ல் உடல் பருமன். ஐரோப்பியர்களுக்கான 25, 30 என்ற கணக்கைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

மெஷின் வாங்கினால் சிமெண்ட் தரையிலோ டைல்ஸ் மேலோ வையுங்கள். பழைய மலை வீடுகளின் பலகைத் தரை கொஞ்சம் அமுங்கும். டிஜிட்டல் மெஷின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண்ணைக் காட்டும். ஸ்வெட்டர், தெர்மல், சாக்ஸ், போனோடு ஏறி நின்றால் ஒன்றரை, இரண்டு கிலோ கூடவே வரும். காலையில் கக்கூஸ் போய்வந்த பிறகு, குறைந்த துணியோடு, வாரம் ஒருமுறை ஏறினால் போதும். தினமும் ஏறினால் நேற்று சாப்பிட்ட உப்பையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேரின் பி.எம்.ஐ. 25-க்கு மேல் இருந்தது. 2019-21-ல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37 சதவீதமானது. இது மாநிலக் கணக்கு. மலையில் என்ன நடந்தது என்பதற்குக் கண்ணெதிரே இருப்பதைப் பார்த்தாலே போதும். ராகியும் சாமையும் விளைந்த காட்டில் தேயிலையும் கேரட்டும் வந்தன; தட்டில் களி இருந்த இடத்துக்கு அரிசி வந்தது. தோட்டத்தில் கொழுந்தை மெஷின் வெட்டுகிறது. மூட்டையைப் பிக்கப் சுமக்கிறது. ஹட்டி என்கிற மலைக் கிராமம் வரைக்கும் தார் ரோடு, ரோடு முடியும் இடத்தில் ஆட்டோ. உடம்பு வேலை குறைந்தது, சாப்பாட்டு அளவு அப்படியே நின்றுவிட்டது. பெரும்பாலான வீடுகளில் கூடின எடைக்கு இதைத் தாண்டிப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

இருந்தாலும் டயட் தொடங்கும் முன் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது: வெறும் வயிற்றுச் சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c), கொலஸ்ட்ரால், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கூடவே ஹீமோகுளோபின். பி.பி.யும் சுகரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். தைராய்டு குறைவால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான். இருபது கிலோ கூடிவிட்டு அதன் தலையில் பழியைப் போட முடியாது. ஸ்டீராய்டு, இன்சுலின், மனநோய்க்கான சில மாத்திரைகள் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் கேளுங்கள்.

இனி சாப்பாடு. ஒரு வாரம் எதையும் மாற்றாமல், வாய்க்குள் போவது எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரும்பாலோர் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வரி எழுதிவிட்டு, "இவ்வளவுதான் சாப்பிடறேன், எப்படிக் கூடுதுன்னே தெரியல" என்பார்கள். அந்த மூன்று வரிக்கு நடுவில் இருப்பதுதான் ஆளைக் கெடுக்கிறது. மலையில் அதன் பெயர் டீ.

கணக்கு இப்படி. ஒரு கிளாஸில் 80 மில்லி பால் என்றால் சுமார் 50 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை 10 கிராம், அது 40 கலோரி. ஆக 90. குளிருக்குக் கைக்கு இதமாக ஒரு கிளாஸ், விருந்தாளி வந்தால் ஒன்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒன்று என்று ஆறு கிளாஸ் சாதாரணமாகப் போகும். 540 கலோரி. இதில் சர்க்கரை மட்டும் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

டீ தனியாகவும் வருவதில்லை. வர்க்கியோடு வருகிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கியைக் குறை சொன்னால் ஊரில் நடமாட முடியாதுதான், ஆனால் அது மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும் அடுக்கடுக்காக மடித்துச் சுட்ட பண்டம். விறகடுப்பில் சுட்டு ஈரம் முழுக்கப் போய்விடுவதால் கையில் எடை தெரியாது. 100 கிராம் 450 கலோரிக்குக் குறையாது. டீயில் முக்கினால் ஊறி வாயில் கரையும். மெல்லும் வேலை இல்லை, எத்தனை போனது என்ற கணக்கும் இல்லை. காகிதப் பையின் அடியில் தூள் மட்டும் கிடக்கும்போதுதான் கை நிற்கும். வீட்டில் வர்க்கி டப்பா இருக்கும்வரை மனக்கட்டுப்பாட்டை நம்பாதீர்கள். கால் கிலோ வாங்குவதை விடுங்கள். வேண்டும் என்கிற நாளில் கடையில் நின்று ஒன்று சாப்பிடுங்கள்.

டீயை ஒரேயடியாக நிறுத்தச் சொல்கிறவர்கள் இந்தக் குளிரில் இருந்து பார்த்ததில்லை. எண்ணிக்கையை மூன்றாக்கி, சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் இறக்கினால் நாக்கு சண்டை போடாது. சில வாரங்களில் பழைய டீ பாயசம் மாதிரி இருக்கும். கடையில் "அண்ணே, சக்கரை கம்மியா" என்றால் சில இடங்களில் பிரயோஜனம் இல்லை, பாலிலேயே சர்க்கரை கலந்திருப்பார்கள். "பால்ல சக்கரை போட்டிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் கட்டஞ்சாயா, அதாவது பால் இல்லாத டீ, எல்லாக் கடையிலும் கிடைக்கும், அதில் சர்க்கரையைத் தடுத்தால் போதும். கிரீன் டீ கொழுப்பைக் கரைக்கும் என்பது வியாபாரப் பேச்சு. அதில் பாலும் சர்க்கரையும் இல்லை என்பதுதான் லாபம். வெந்நீரில் ஒரு பெரிய ஸ்பூன் தேன் ஊற்றிக் குடித்தால் கூடுதலாக 60 கலோரி குடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ரத்தசோகை இருக்கும் பெண்கள் சாப்பாட்டோடு டீ குடிக்க வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்று டீ, ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் சர்க்கரை: 180 கலோரி. மிச்சம் 360. நான்கு வர்க்கியை ஒன்றாக்கினால் இன்னொரு 350 மிச்சம். நாலு மணிப் பசிக்கு ஒரு கிண்ணம் பட்டாணிச் சுண்டல் 160 என்று வைத்தாலும் நாளுக்கு 500-க்கு மேல் குறைகிறது. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஆக வாரத்துக்கு அரைக் கிலோ. சோற்றில் இன்னும் கையே வைக்கவில்லை.

சோற்றுக்கு வந்தால், ஒரு வேளைக்கு ஒருவருக்கு 50 முதல் 60 கிராம் அரிசி. வெந்தால் ஒரு கப். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறோ களியோ சப்பாத்தியோ, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கறி. ராகி உயர்வுதான், சுண்ணாம்புச் சத்தும் நாரும் அதிகம்; ஆனால் நூறு கிராம் ராகி மாவும் நூறு கிராம் அரிசியும் தருவது கிட்டத்தட்ட ஒரே கலோரிதான். பெரிய உருண்டையாக இரண்டு களி சாப்பிட்டுவிட்டு எடை இறங்கவில்லையே என்றால் ராகி என்ன செய்யும்? அதேபோல உருளைக்கிழங்கு காய்க் கணக்கில் வராது. உருளை வறுவல் வைத்த நாளில் சோற்றைக் குறையுங்கள். பாதித் தட்டை நிரப்ப முட்டைக்கோஸ், பீன்ஸ், மேரக்காய் (சௌசௌ), நூக்கோல், கீரை எல்லாம் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. சென்னைக்காரர் காசு கொடுத்து வாங்குவதை நாம் லாரி ஏற்றிவிட்டு பப்ஸ் தின்கிறோம்.

பருப்பு வகை தட்டில் குறைவதற்கு மலையில் ஒரு தனிக் காரணம் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ராஜ்மா, அவரைக்கொட்டை, கொண்டைக்கடலை எல்லாம் லேசில் வேகாது. கேஸ் செலவுக்குப் பயந்து ரசமும் வறுவலுமாக முடித்துவிடுவார்கள், இரண்டு மணி நேரத்தில் பசிக்கும், பேக்கரி கூப்பிடும். குளிரில் ஊறுவதும் மெதுவாகத்தான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும், முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், குக்கரில் கீழ்நாட்டுக் கணக்கைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை மொத்தமாக வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் கேஸும் மிச்சம்.

எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டில் இரண்டு லிட்டருக்கு மேல் தீர்ந்தால் பலகாரம் எங்கேயோ பொரிகிறது. குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு குவார்ட்டர் 400 கலோரிக்கு மேல், சைடு டிஷ் தனி.

நடைக்கு வருவோம். "தினம் மேடு ஏறி இறங்கறோம், எங்களுக்கு எதுக்கு எக்ஸர்சைஸ்?" என்பது இங்கே பிறக்கும்போதே வருகிற கேள்வி. 80 கிலோ ஆள் 100 மீட்டர் செங்குத்து உயரம் ஏறினால் ஏறும் வேலைக்குச் செலவாவது ஏறக்குறைய 80 கலோரி. ஊட்டியிலிருந்து 2,637 மீட்டர் தொட்டபெட்டா உச்சிக்கு ஏறினாலும் உயரத்துக்கு 320 கலோரிதான், தூரத்துக்குக் கொஞ்சம் சேரும். அது மூன்று வர்க்கிக்குச் சமம். மேட்டை நம்பிச் சாப்பாட்டை விட்டால் தோற்பது உறுதி. எடையை இறக்குவது அடுப்படி. இறங்கின எடை திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதும், சுகரையும் பி.பி.யையும் மட்டுப்படுத்துவதும் நடை.

அதிலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம். காலையில் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கி நடப்போம், சாயங்காலம் பையோடு ஆட்டோவில் ஏறுவோம். இறக்கத்தில் கலோரி செலவு மிகக் குறைவு, முழங்காலுக்கு அடி மிக அதிகம். தொடை முன்பக்கம் இரண்டு நாள் கழித்து வலிப்பதும் இறக்கத்தால்தான். மாற்றுங்கள்: இறங்க மினி பஸ், ஏற நடை. ஏறும்போது துணைக்கு வருபவரிடம் விட்டுவிட்டாவது பேச முடிய வேண்டும். வாயே திறக்க முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நெஞ்சு இறுக்கமோ தாடை, இடது கை வலியோ வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். உட்கார்ந்ததும் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே டாக்டர்.

முழங்கால் ஏற்கனவே தேய்ந்தவர்களுக்குச் சமதளம் வேண்டும். கொடைக்கானல்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் கிட்டத்தட்ட சமமாகக் கிடக்கிறது. குன்னூர் சிம்ஸ் பார்க் சரிவிலேயே அமைந்தது. மேல் பாதைகளில் மட்டும் சுற்றுங்கள், பள்ளம் வரை போய் ஏறாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடம் குறைந்தபட்சம், பத்து நிமிடத் துண்டுகளாக நடந்தாலும் கணக்கில் சேரும். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்துப் பத்தாக மூன்று தடவை, சுவரில் கைவைத்துத் தண்டால் அதே அளவு. இதை விட்டால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையும்.

விடிவதற்கு முன் நடை என்ற சமவெளி அறிவுரை இங்கே ஆபத்து. கோத்தகிரி, குன்னூர் எஸ்டேட் ரோடுகளில் அந்த நேரம் கரடியும் காட்டெருமையும் நடக்கிற நேரம். வெளிச்சம் நன்றாக வந்தபின், ஏழு மணிக்கு மேல், இரண்டு பேராக, காதில் பாட்டு இல்லாமல். காட்டெருமை நின்றால் நீங்கள் திரும்புங்கள். கன்றோடு இருந்தால் போட்டோ எடுக்கக்கூட நிற்க வேண்டாம்.

சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்து மேடும் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், படபடப்பு, அந்தக் குளிரிலும் வேர்வை என்றால் சந்தேகமே வேண்டாம், மூன்று ஸ்பூன் சர்க்கரையை வாயில் போடுங்கள். முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் மருந்தைக் குறைத்துத் தருவார்.

முதல் வாரம் இரண்டு கிலோ வரைகூடக் குறையலாம், பெரும்பகுதி தண்ணீர். பிறகு வேகம் தணியும், சில மாதத்தில் முள் அசையாது. உடம்பு இளைத்ததால் செலவும் குறைந்துவிட்டது, அளவுகளும் மெல்லப் பழையபடி ஏறியிருக்கும். அப்போது மறுபடி ஒரு வாரம் எழுத வேண்டும். நழுவிய அரை ஸ்பூன்கள் அதில் கிடைத்துவிடும். 80 கிலோவில் 4 முதல் 8 கிலோ குறைந்தாலே சுகர், பி.பி. எண்கள் இறங்கத் தொடங்கும், ஆகவே கல்யாண வயசு எடைக்குப் போகத் தேவையில்லை.

பெரும்பாலோர் கைவிடுவது மழையில். கூடலூரில் ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை, குன்னூர் கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களுக்கு வீட்டுப் படி போதும்: ஒரு படியில் ஏறி இறங்குவது ஐந்து நிமிடம், சற்று ஓய்வு, மொத்தம் ஐந்து சுற்று. வெளிப்படி வேண்டாம், பாசி பிடித்திருக்கும்.