கைக்கு எவ்வளவு வருகிறது, அதில் எவ்வளவு நிற்கிறது?

பழகிக்கொண்டிருப்பவரின் சம்பளத்தைப் பற்றி வாய் திறந்தாலே பணத்தாசை பிடித்தவர் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. கல்யாணம் வரை போகும் எண்ணம் இருந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலும் கேட்கப்படுவது உதவாத எண். "பன்னண்டு லட்சம் பேக்கேஜ்" என்றதும் மாதம் ஒரு லட்சம் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது.

அந்தப் பன்னிரண்டு லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 6,000 ரூபாய், பி.எஃப். பிடித்தம். கம்பெனி போடும் இன்னொரு 6,000 ரூபாயையும் பெரும்பாலும் அந்த ஒரு லட்சத்துக்குள்ளேயே காட்டியிருப்பார்கள். வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், சுமார் 2,400, அதுவும் அதற்குள்தான். வேலைத்திறனைப் பொறுத்துத் தரும் வேரியபிள் பே பேக்கேஜில் பத்து சதவீதம் என்றால் மாதம் 10,000 கையில் வராது. ரேட்டிங் பார்த்துப் பிறகுதான் தருவார்கள், முழுதாக வரும் என்ற உறுதியும் இல்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அப்படியும் கைக்கு வருவது 75,000 சொச்சம்தான்.

இனி அந்த 75,000 எங்கே போகிறது? காருக்கு 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 12,900. பர்சனல் லோன் 5 லட்சம், 14 சதவீதம், நான்கு வருடம் என்றால் 13,700. வாடகையில் பங்கு 12,000, ஊருக்கு அனுப்புவது 15,000. மீதி 21,400. சாப்பாடு, பெட்ரோல், போன் எல்லாம் அதற்குள். 45,000 வாங்கி, கடன் இல்லாமல், மாதம் 15,000 சேர்ப்பவர் இவரை விட நல்ல நிலையில் இருக்கிறார் என்பேன்.

ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறையாகப் பார்க்காதீர்கள். தங்கை படிப்பு எப்போது முடியும், அப்பா வாங்கிய கடனில் இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றுக்கு முடிவு தேதி இருக்கும். அம்மாவின் மருந்துச் செலவுக்கு இருக்காது. இரண்டையும் தெரிந்துகொண்டு சம்மதிப்பது வேறு, கல்யாணமான மறுமாதம் தெரிந்துகொண்டு சண்டை போடுவது வேறு.

சேமிப்பு என்று சொல்லப்படுவதில்தான் ஏமாற்றம் அதிகம். "அஞ்சு லட்சம் சீட்டு போட்டிருக்கேன்" என்றால், ஏலத்தில் தள்ளி எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். எடுக்காத சீட்டு சேமிப்பு. எடுத்த சீட்டு கடன். பணம் செலவாகிப் போயிருக்கும், மாதா மாதம் கட்டுவது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பதிவு செய்யாத சீட்டாக இருந்தால் எடுக்காததையும் முழுதாக நம்ப வேண்டாம். அதே போல "நகை பேங்க்ல இருக்கு". லாக்கரில் இருந்தாலும் இதே வாக்கியம், அடகில் இருந்தாலும் இதே வாக்கியம். பத்து லட்சம் எல்.ஐ.சி. பாலிசி என்பதும் கையில் பத்து லட்சம் ஆகாது. இன்று சரண்டர் செய்தால், அதாவது பாலிசியைப் பாதியில் முடித்துக்கொண்டால், கிடைக்கும் தொகைதான் கணக்கு, ஆரம்ப வருடங்களில் அது கட்டிய பிரீமியத்தை விடக் குறைவு.

கிரெடிட் கார்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். கார்டு வைத்திருப்பது தப்பே இல்லை. முழு பில்லைக் கட்டாமல், மினிமம் டியூ எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறாரா என்பதுதான் கேள்வி. ஒரு லட்சம் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் வட்டி 3,500. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 630. ஐந்து சதவீத மினிமம் டியூவாக 5,000 கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய். அந்த மாதமே புதிதாக எதையாவது தேய்த்தால் பாக்கி ஏறித்தான் நிற்கும். இப்படி ஒரு வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவருக்குச் சம்பள உயர்வு வந்தாலும் நிலைமை மாறுவது கடினம்.

முதல் மாதத்திலேயே பே ஸ்லிப் கேட்பது சரியில்லை. அப்போது பழக்கத்தைக் கவனித்தால் போதும்: மாதம் இருபதாம் தேதிக்கு மேல் கைமாத்து கேட்கிறாரா, வாங்கியதைச் சொன்ன நாளில் திருப்புகிறாரா. வீட்டில் சொல்லும் கட்டம் வந்ததும் ஒரு நாள் உட்கார்ந்து இருவருமே கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் அறிக்கையை, திறந்து வையுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என்று இதைத் தயாரிக்கும் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவரவர் போனில் அவரவர் எடுங்கள், ஓ.டி.பி. கைமாற வேண்டாம். 780 என்ற ஸ்கோர் ஸ்கிரீன்ஷாட் போதாது, கணக்குப் பட்டியலைப் பாருங்கள். நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதில் வரும். "செட்டில்டு" என்று இருந்தால் கடன் முழுதாக அடையவில்லை, வங்கி குறைத்து வாங்கிக்கொண்டு முடித்தது என்று அர்த்தம். கைமாத்தும் தண்டல் வட்டியும் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. அவற்றை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகள் இரண்டு பக்கமும் போக வேண்டும். பையன் கணக்கைக் காட்டாமல், பொண்ணு வீட்டில் எத்தனை பவுன் என்று மட்டும் கேட்டால் அது வரதட்சணைப் பேச்சு. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி வரதட்சணை கேட்பதே குற்றம்.

கடைசியாக ஒன்று. "என் ஸ்கோர் கம்மியா இருக்கு, உன் பேர்ல எடு, நான் கட்டிடறேன்" என்று பைக்குக்கோ ஐபோனுக்கோ கேட்டால், எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பிரிந்துவிட்டால் வங்கிக்கு அவரைத் தெரியாது. ரெக்கவரி ஏஜென்ட் உங்கள் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார், தவணை தவறியது உங்கள் ரிப்போர்ட்டில்தான் ஏறும். உதவியே ஆக வேண்டுமென்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை அக்கவுன்ட்டிலிருந்து அவர் அக்கவுன்ட்டுக்கே அனுப்புங்கள். என்னைக்குத் திரும்பத் தருவார் என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.